முதல் லொறிக் கச்சான்

கச்சானில், நிலக்கடலையில், ஒன்று கசந்தால் நாம் என்ன செய்வோம்? துப்பிவிட்டு அடுத்ததை வாயில் போடுவோம். அதற்கு மேல் ஒருவரும் யோசிப்பதில்லை. கச்சான் ஸ்டோரில் நாலு வருடம் குந்தியிருந்து பருப்புப் பொறுக்கிய நானே யோசித்ததில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. குறை சொல்ல வேண்டிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களில் முதல் ஆள் நான்தான்.

ஸ்டோர் கிராண்ட்பாசில் இருந்தது. கொட்டாஞ்சேனையில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து நடந்தே போய்விடலாம். வழியில் இரண்டு சென்றி, இராணுவக் காவலரண். இரண்டிலும் ஐசி என்கிற அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் காட்ட வேண்டும். காலையில் காட்டிய அதே ஆளுக்கே மாலையிலும் காட்ட வேண்டும், அவன் காலையில் என்னைப் பார்த்ததே இல்லை என்பதுபோல வாங்கிப் பார்ப்பான். நானும் அவனை முன்பின் கண்டதில்லை என்பதுபோல நிற்பேன். சண்டைக் காலத்தில் எனக்குக் கொழும்பு பழகியது இப்படித்தான்.

ஸ்டோரில் பதினொரு பெண்கள் வேலை செய்தோம். பாதிப் பேர் மலையகத்திலிருந்து வந்தவர்கள், மிச்சப் பேர் கிராண்ட்பாசிலேயே பிறந்த முஸ்லிம் பெண்கள். வன்னியிலிருந்து வந்தவள் நான் மட்டும்தான். கச்சான் கோதோடு சாக்கில் வரும். கைமெஷினில் கோதை உடைத்தெடுத்த பிறகு, பருப்பைச் சுளகில் பரப்பிச் சூம்பல், சொத்தை, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். எறிவது என்றால் குப்பைக்கு அல்ல. சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கழிவை ஆளுக்கொரு பிடி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், அது அந்த ஸ்டோரின் வழக்கம். வறுத்து உப்புத் தெளித்தால் பிள்ளைகள் சத்தம் போடாமல் தின்னும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பருப்பை உடைக்கவே கூடாது. முழுப் பருப்புக்குத்தான் மிக்சர்க் கடைக்காரரிடம் மதிப்பு. நகம் பட்டு ஒன்று இரண்டாகப் பிளந்தாலும் முதலாளியின் கண் அங்கே போகும். நாலு வருடத்தில் ஆயிரக்கணக்கான சாக்குப் பருப்பு என் விரலுக்குக் கீழே போயிருக்கும். அதில் ஒன்றின் உள்பக்கத்தையும் நான் வேலையாகப் பார்த்ததில்லை. எங்களுக்குச் சம்பளம் வெளித்தோலைப் பார்க்கத்தான்.

முதலாளி யாழ்ப்பாணத்து ஆள். கொழும்புக்கு வந்து முப்பது வருடம். ஒரு கலவரத்தில் கடை எரிந்து, அதே இடத்தில் திரும்பவும் கடை போட்டவர். நெற்றி நிறையத் திருநீறு, கோவில் சபையில் பெரிய மதிப்பு. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். அவர் காதுக்குள் சொல்வதுபோலக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சுளகைப் பார்ப்போம். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றும்.

அந்த வருடம் வன்னியில் ஒரே ஊரிலிருந்து அவருக்கு இரண்டு லொறிக் கச்சான் வந்தது. முதல் லொறி வழியில் எங்கும் மறிபடாமல் நேரே வந்து சேர்ந்தது. கோது வெள்ளையாக, காய்ந்து, கலகலவென்று இருந்தது. ஒரு கிழமை முழுக்கப் பொறுக்கி முப்பது சாக்குப் பருப்பு எடுத்தோம். தையல் போட்டு அடுக்கியும் வைத்தோம். அதில் பாதிச் சாக்கு என் கையால் பார்த்து நல்லது என்று விட்டது.

இரண்டாம் லொறியை வவுனியாப் பக்கம் செக்பொயின்றில், ஆமியின் சோதனைச் சாவடியில், ஒன்பது நாள் மறித்து வைத்துவிட்டார்கள். சாக்கையெல்லாம் இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றச் சொல்லி, ஏற்றிய பிறகும் போக விடாமல் வைத்திருந்தார்களாம். லொறியை மூடிய தறப்பாள் கிழிந்து மழையும் உள்ளே போயிருக்கிறது. கிராண்ட்பாசுக்கு வந்து சாக்கை அவிழ்த்தபோது பச்சைத் தூள் எழும்பியது. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். கோதெல்லாம் கறுப்பு, பருப்பெல்லாம் பஞ்சு படர்ந்து கிடந்தது.

அன்றைக்கு ஸ்டோரில் ஆமியைத் திட்டாத ஆள் இல்லை. எல்லோரையும்விடக் கூடத் திட்டினவள் நான். என் வாய் அப்படி. மருந்தை மறித்தவர்கள், மண்ணெண்ணெயை மறித்தவர்கள், வருத்தக்காரரை வெயிலில் நிறுத்தி வைத்தவர்கள், கச்சானை விடுவார்களா? அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது. இதுவரை கைக்கு எட்டாமல் இருந்த ஒரு குற்றத்தை ஒரு சாக்கில் கட்டி எங்கள் முன்னால் வைத்த மாதிரி இருந்தது. முதலாளியும் மிச்சத்தையெல்லாம் குப்பைக்கு அனுப்பிவிட்டு, ஒரேயொரு சாக்கை மட்டும் ஸ்டோர் வாசலில் வைத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதை அவிழ்த்துக் காட்டினார். கோவிலிலும் அதுதான் கதை.

அந்தக் கதையோடுதான் அவருடைய தர்மமும் தொடங்கியது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மண்டபத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளை வைத்து ஒரு ரீச்சர் காலையில் பாடம் சொல்லிக் கொடுத்தா. ஓய்வு பெற்றவர், சம்பளம் வாங்காமல் செய்த வேலை. பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் என்று கடைகடையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தா. முதலாளி சொன்னார், "ஒரு லொறியை அவங்கள் நாசமாக்கிப் போட்டாங்கள். மிஞ்சின லொறியை எங்கட பிள்ளையளுக்குக் குடுக்கப் போறன். நாளுக்கு ஒரு கச்சான் உருண்டை. முப்பது சாக்கும் முடியுமட்டும்." சபையில் எல்லோரும் எழும்பி நின்று அவரைப் பாராட்டினார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

உருண்டை பிடிப்பதற்கு முழுப் பருப்புச் சரிவராது. பாகில் ஒட்டாது. லேசாகச் சூடு காட்டித் தோலைத் தேய்த்துவிட்டு, பலகையில் பரப்பி, மேலே போத்தலை உருட்டிப் பாதி பாதியாகப் பிளக்க வேண்டும். அப்படித்தான் நாலு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் ஸ்டோரில் பருப்பை உடைத்தோம்.

ஹட்டன் பக்கத்து அக்கா ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருப்பவர். மூன்று பிள்ளைகளின் தாய். அவர் வெறும் சோடாப் போத்தலை உருட்ட, பிளந்ததை நான் சுளகில் அள்ளிப் புடைத்தேன். இரண்டாம் சுளகிலேயே என் கை நின்றுவிட்டது. பருப்பின் இரண்டு பாதிக்கும் நடுவில் சின்னக் குழி ஒன்று இருக்கும். அந்தக் குழியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். சிலதில் பச்சையும் கலந்திருந்தது. ஒரு பிடி அள்ளினால் அதில் இரண்டு மூன்று அப்படி.

"சூடு காட்டினதுல கருகிருச்சோ புள்ள?" என்று அக்கா கேட்டார்.

நான் எழும்பிப் போய்ச் சூடு காட்டாத சாக்கொன்றின் தையலைப் பிரித்து, நகத்தால் ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். அதே சாம்பல். அடுத்த சாக்கு, அதுவும் அப்படி. மூலையிலிருந்த ஒன்றை இழுத்துப் பிரித்தேன், அதுவும். வெளித்தோல் மட்டும் ஒரு கறை இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தது. என் கையால் நல்லது என்று விட்ட பருப்பு.

நான் கச்சான் போட்டுப் பிடுங்கிய ஆள். பூ வாடியதும் செடியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று இறங்கி மண்ணுக்குள் போகும், அதன் நுனியில்தான் காய் பிடிக்கும். பால் மாதிரி இருக்கிற பருப்பு மண்ணுக்குள்ளேயே முற்ற வேண்டும். சாக்கு நனைந்து வருகிற பூஞ்சணம் வெளியிலிருந்து உள்ளே போகிறது, முதலில் கோதைக் கெடுக்கும், பிறகு தோலை, கடைசியில் பருப்பை. வாசலில் இருந்த இரண்டாம் லொறிச் சாக்கு அப்படித்தான் கெட்டிருந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இங்கே கோதும் சுத்தம், தோலும் சுத்தம், நடு மட்டும் நோய். அப்படியென்றால் காயைப் பிடுங்குவதற்கு முன்பே, செடியில் இருக்கும்போதே அது உள்ளே போயிருக்க வேண்டும்.

முதல் லொறிச் சாரதி தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மழை முன்கூட்டியே நின்றுவிட்டதாம். பிடுங்குகிற நேரத்தில் ஷெல் விழுந்து சனமெல்லாம் எழும்பிப் போய், மூன்று கிழமைக்குப் பிறகு வந்துதான் பிடுங்கினதாம். மூன்று கிழமை அந்தச் சூட்டு மண்ணுக்குள் காய் கிடந்திருக்கிறது. அதைக் கேட்டபோது "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நான் சீனியை எடுத்துக் கொடுத்தேன். கச்சான் தோட்டத்துக்காரிக்கு அந்த ஒரு வசனம் போதும். ஆனால் நான் பிறகு செக்பொயின்றைத் திட்டுவதில் மும்முரமாகி அதை மறந்துவிட்டேன்.

வாசல் சாக்கிலும் போய்ப் பார்த்தேன். வெளியே பஞ்சு படராத சிலதைத் தேடியெடுத்துப் பிளந்தேன். அவற்றின் நடுவிலும் அதே சாம்பல். மழை அதற்கு மேலே ஒரு பூச்சுப் பூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலாளியிடம் ஒரு பிடியைக் கொண்டுபோய் மேசையில் வைத்துச் சொன்னேன்.

"ஒரு சாக்கில ரெண்டொண்டு கசக்கும்தானே பிள்ளை," என்றார். "நல்லா வறுத்துப் பாகுக்க போட்டா ஒண்டும் தெரியாது."

"தெரியாதெண்டதுதான் முதலாளி எனக்குப் பயம்."

"ரெண்டாம் லொறி பழுதானது செக்பொயின்றில. முதல் லொறி மறிபடேல்ல. பிறகெப்பிடிப் பழுதாகும்?"

"மண்ணுக்கையே பிடிச்சிட்டுது. ரெண்டு லொறியும் ஒரே மண்தானே."

அவருடைய குரல் இறங்கியது. "நீ சொல்லுறது வெளியில போனா அவங்கள் என்ன சொல்லுவாங்கள் தெரியுமே? நாங்கள் மறிச்சதால இல்ல, அவையின்ர சாமானே நஞ்செண்டு சொல்லுவாங்கள். பிறகு ஒரு லொறியும் இஞ்சால வராது. எங்கட சனத்தின்ர சாமானை எங்கட வாயாலயே பழுதெண்டு சொல்லோணுமே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். அவர் கள்ளன் என்றால் எனக்கு வேலை லேசாக முடிந்திருக்கும்.

தெஹிவளையில் கோழித்தீனைச் சோதிக்கிற ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் என் கணவருக்குத் தெரிந்த ஒருவர் வேலை செய்தார். அவரிடம் காட்டினால் ஒரு முடிவு தெரியும் என்று நினைத்தேன். இரண்டு பொட்டலம் கட்டினேன். ஒன்றில் முதல் லொறிப் பருப்பு, மற்றதில் இரண்டாம் லொறிப் பருப்பு. மேலே ஒன்று, இரண்டு என்று எழுதினேன். அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வெள்ளவத்தை தாண்டுகிற இடத்தில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த ஆமிக்காரன் ஒன்றாம் பொட்டலத்தைப் பிரித்தான். "ஆ, ரட கஜு," என்று சிங்களத்தில் கச்சானின் பெயரைச் சொல்லிச் சிரித்தான். நாலைந்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சும்மா நின்றிருக்க வேண்டும். நாலு பருப்பில் ஒன்றும் ஆகிவிடாது, அவன் கசந்தால் துப்பியிருப்பான், நானும் பஸ்ஸில் ஏறிப் போயிருப்பேன். ஆனால் என் கை என்னைக் கேட்காமல் போய் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன், "கன்ன எப்பா மாத்தயா. வஹ." தின்னாதே, நஞ்சு என்று.

ஒரு தமிழ்ப் பெண், செக்பொயின்றில் நின்று, ஆமிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பையில் இருப்பது நஞ்சு என்று தானே சொன்னால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. வரிசை முழுவதும் என்னை விட்டு விலகியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, என்னோடு ஒன்றாக வந்தவள் இல்லை என்று காட்டுவதற்காக நாலு அடி தள்ளிப் போய் நின்றா. அவவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித் தள்ளி நின்றிருக்கிறேன்.

கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் பெண் பொலிசை விட்டுச் சோதித்தார்கள். பிறகு அதிகாரி ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். நான் ஒவ்வொன்றாகப் பிளந்து காட்டி, கோழித்தீன் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். அவன் சிரித்தான்.

"கச்சான்தானே? ஒண்டு சாப்புடு. சாப்புட்டா போகலாம்."

"மாட்டன்."

"ஏன்?"

"நஞ்செண்டு சொல்லிப்போட்டன். பிறகு நானே தின்னுறதோ?"

இப்போது நினைத்தாலும் எனக்கே விசர்தான் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு பருப்பு. தின்றிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கூடாரத்துக்குள் எனக்கு இருந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான். பெயரை நம்பவில்லை, ஐசியை நம்பவில்லை, பதிவுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் சொன்ன சொல்லையாவது நானே தின்னாமல் வைத்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. கொட்டாஞ்சேனைப் பொலிசுக்குப் போன் எடுத்து என் பதிவைச் சரிபார்க்கும் வரை, அரை நாள், ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை வந்து கேட்டான். இரண்டு தடவையும் மாட்டேன் என்றேன்.

கடைசியில் போகச் சொன்னார்கள். அவ்வளவு நேரமும் மேசையில் கிடந்த பொட்டலங்களைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் அவை என்னிடமே திரும்பி வந்தன.

ஆய்வுகூடத்து மனிதர் இரண்டையும் வேறு வேறாக அரைத்து, ஏதோ ஒரு திரவத்தில் ஊறவைத்து வடித்தார். கண்ணாடித் தட்டொன்றில் பொட்டுப் பொட்டாக வைத்து, இருட்டறைக்குள் ஊதா விளக்கின் கீழே பிடித்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஒன்றாம் பொட்டும் இரண்டாம் பொட்டும் ஒரே மாதிரி நீலமாக ஒளிர்ந்தன. பார்க்க வடிவாக இருந்தது. அதற்காகவே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"இது பூஞ்சணம் விடுற நஞ்சு," என்றார். "வறுத்தாலும் போகாது, பாகு காய்ச்சினாலும் போகாது. உடனே ஒண்டும் செய்யாது. கொஞ்சம் கொஞ்சமா ஈரலைத்தான் பிடிக்கும். சின்னப் பிள்ளையளுக்குக் கூடாது, அதுவும் சாப்பாடில்லாமல் மெலிஞ்ச பிள்ளையளுக்குக் கூடவே கூடாது."

"எழுத்தில தருவீங்களோ?"

"வேலை போயிடும் தங்கச்சி. நான் இதைப் பார்த்ததெண்டே ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

ஆகவே வெறும் வாயோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் ஸ்டோரில் சர்க்கரை மூட்டையும் பெரிய தாச்சிச் சட்டியும் வந்து இறங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை முதல் உருண்டை வெள்ளவத்தைக்குப் போக வேண்டும். முந்தின நாள் கொஞ்சச் சர்க்கரையில் பிடித்துப் பார்த்த உருண்டைகள் ஒரு தட்டில் இருந்தன. நான் கண்டதை முதலாளியிடம் சொன்னேன். யார் பார்த்தது, எங்கே கடிதம் என்று கேட்டார். கடிதம் இல்லை என்றேன். முதலாளி தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் கடித்து, மென்று, விழுங்கினார்.

"பாத்தீங்களே? எனக்கென்ன நடந்தது?"

"அது உங்கட ஈரல் முதலாளி," என்றேன். "நீங்கள் என்னவும் செய்யலாம். அதுகளின்ர ஈரலைக் கேக்காமல் எப்பிடிக் குடுப்பீங்கள்?"

"இந்தச் சனிக்கிழமையளில மடியில கட்டிக்கொண்டு போனீங்களே கழிவு. அதைத் திண்டு உங்கட பிள்ளையள் செத்துப்போச்சினமே?" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹட்டன் அக்கா சோடாப் போத்தலை மடியில் வைத்தபடியே இருந்தார்.

"அவரு கேட்டது சரிதானே புள்ள," என்றார். "நாம கொண்டு போனது? நம்ம புள்ளைங்க தின்னது?"

எங்கள் கழிவில்தானே சூம்பலும் கறுத்ததும் எல்லாம் சேர்ந்திருக்கும். நல்லதில் இவ்வளவு என்றால் கழிவில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவரும் யோசித்துக்கொண்டிருந்தார், நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சின்னவனுக்கு அப்போது நாலு வயது.

வாசல் சாக்கடைக் கானுக்கு ஊற்றுவதற்கென்று ஒரு பெரிய கலனில் பினாயில் இருந்தது. நான் எழும்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் சாக்கின் தையலை அறுத்துக் கலனைச் சரித்தேன். பாதி நிலத்தில் ஊற்றுப்பட்டது.

அக்கா போத்தலைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். "இப்புடி ஊத்துனா மூணு சாக்குக்குத்தான் காணும்," என்றார். "தண்ணி கலந்து ஊத்தணும். வாளி எங்க?"

அவர் வாளியில் கரைத்துக் கொண்டுவந்து தர, நான் ஊற்றினேன். முப்பது சாக்கும். அடுக்கின் அடியில் இருந்ததை இழுக்க முஸ்லிம் பெண்கள் இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை. ஊற்றும்போது எனக்கு அழுகை வந்தது. ஷெல்லுக்குத் தப்பித் திரும்பிப் போய், வெயிலில் குனிந்து பிடுங்கிய சனத்தின் உழைப்பு அது. அவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள்கூட இருந்திருக்கலாம். அழுதுகொண்டே ஊற்றினேன், ஒரு சாக்கையும் விடவில்லை.

முதலாளிக்கு முடுக்கின் தொடக்கத்திலேயே மணம் அடித்திருக்கும். உள்ளே வந்து சாக்குகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"நான்தான்," என்றேன். "நான் மட்டும்தான்." அக்கா வாயைத் திறக்கப் போனார், நான் அவருடைய காலை மிதித்தேன்.

"என்ர தர்மத்தில கை வைச்சிட்டாய்," என்றார். நான் அதுவரை கேட்டதிலேயே தாழ்ந்த குரல் அது. "போ."

போய்விட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். அவர் நினைத்திருந்தால் பொலிசுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். ஒரு தமிழ்ப் பெண் ஸ்டோருக்குள் எதையோ ஊற்றிச் சாமானை நாசமாக்கினாள் என்று சொன்னாலே போதும், மிச்சத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள். அவர் எடுக்கவில்லை. அக்காவையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இந்த இரண்டுக்கும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். முப்பது சாக்குக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை நானே வெள்ளவத்தை மண்டபத்துக்குப் போனேன். உருண்டை வராது என்பதையும் ஏன் வராது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. பிள்ளைகள் பாயில் இருந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெலிந்த கழுத்துகள். ரீச்சர் வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டா.

"நீர் செய்தது சரியா இருக்கும்," என்றா. "நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா இப்ப மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு இதுகளுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

அன்றைக்குப் பத்து மணிக்குப் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணி குடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஒரு கிழமை கௌபிப் பயறு அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சட்டியோடு பஸ்ஸில் கொண்டுபோனேன். இரண்டாம் கிழமை முடியவில்லை, எனக்கு வேலையும் இல்லை. பசியோடு விட்டேன் என்று யாராவது சொன்னால் ஓம் என்றுதான் சொல்வேன். அது உண்மை. ஆனால் அதற்காக அந்தப் பினாயிலைத் திரும்ப எடுக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்கடையில் பிறகு வேலை கிடைத்தது. ஹட்டன் அக்காவைச் சந்தையில் காண்பேன். பினாயில் மணம் ஸ்டோரை விட்டுப் போக இரண்டு மாதம் எடுத்ததாம். சனிக்கிழமைக் கழிவை அவர் பிறகு தொடவில்லை. மற்றவர்களில் சிலர் கொண்டுபோனார்கள், சிலர் விட்டார்கள். வாசல் சாக்கை முதலாளி அகற்றவே இல்லை. செக்பொயின்றில் நடந்த அநியாயத்துக்குச் சாட்சியாக அது கனகாலம் அங்கேயே இருந்ததாம். அவர்கள் லொறியை மறித்தது அநியாயம்தான், அதில் நான் ஒரு நாளும் பின்வாங்கியதில்லை. ஆனால் அந்தச் சாக்கு அதற்குச் சாட்சி இல்லை.

மூன்று நாலு வருடம் கழித்து, கொட்டாஞ்சேனைக் கோவில் வாசலில் முதலாளி என்னைக் கண்டார். பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். சபைக்காரர் நாலு பேர் அவரோடு நின்றார்கள். அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், அவர் விடவில்லை. இந்த முறை குரல் இறங்கவில்லை. எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"இஞ்ச, இவதான் என்ர முப்பது சாக்கையும் நாசமாக்கினவ. நஞ்செண்டு சொன்னவ." என்னைப் பார்த்தார். "எத்தினை வருசமாப் போச்சுது. எங்க, அந்த முப்பது சாக்கால ஒரு பிள்ளைக்காவது நோய் வருத்தம் வந்ததெண்டு காட்டு பாப்பம்."

"காட்டேலாது முதலாளி," என்றேன். "ஒரு பிள்ளையும் அதைத் தின்னேல்ல."